சேலத்திலிருந்து வெளிநாட்டு மருத்துவமனையின் பிசியோதெரபி துறைக்கு: பார்வையாளராகப் போகும் மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

பிபிடி என்ற பிசியோதெரபி இளநிலைப் படிப்பில் மூன்றாம், நான்காம் ஆண்டில் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துவிட்டு வர முடியுமா? செலவு செய்து போவதில் பயன் இருக்கா?" முடியும், பயனும் இருக்கிறது. ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போகிறவருக்குத்தான் அந்தப் பயன் முழுதாகக் கிடைக்கும்.

மாணவனாக இருந்தபோது சிங்கப்பூரில் ஒரு பெரிய பொது மருத்துவமனையின் பிசியோதெரபி துறையில் பார்வையாளராக இருந்தேன். இப்போது சேலத்தில் வேலை. அங்கே பார்த்தவற்றில் இன்றும் தினமும் எனக்கு உதவுபவை மூன்று: நோயாளியிடம் அவர்கள் கேட்ட கேள்விகள், எதையும் அளந்து எழுதும் பழக்கம், வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தைத் தயார் செய்த விதம். மூன்றுக்குமே பெரிய கருவி எதுவும் வேண்டாம், நம் ஊர் ஓ.பி.யிலேயே செய்துவிடலாம். இந்த வழிகாட்டியை அந்த நினைப்போடுதான் எழுதுகிறேன்.

படி 1: பார்வையாளருக்கு எல்லை எதுவரை

பார்வையாளர் நோயாளியைத் தொடக் கூடாது. மூட்டு அசைவை அளக்கவோ, நடக்கும்போது பிடித்துக்கொள்ளவோ, கேஸ் ஷீட்டில் எழுதவோ அனுமதி கிடையாது. சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்ய 2011-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டனிலும் பதிவு இல்லாதவர் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. நம் நாட்டிலும் 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. ஆக, "சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேனே" என்று கேட்பதே தவறு. கேட்டால் அங்கிருப்பவரைத்தான் சங்கடத்தில் மாட்டிவிடுவோம்.

தொட முடியாததில் ஒரு லாபமும் உண்டு. கல்லூரியில் ஒரு நோயாளியை நம் பொறுப்பில் விட்டால், கையை எங்கே வைப்பது, அடுத்து என்ன சொல்வது என்பதிலேயே மனம் முழுக்கப் போய்விடும். கை சும்மா இருக்கும்போதுதான் சிகிச்சை செய்பவர் எங்கே தயங்குகிறார், எதைப் பார்த்ததும் நிறுத்துகிறார், நோயாளி முகம் சுளித்ததும் எதை மாற்றுகிறார் என்பதெல்லாம் கண்ணில் படும்.

படி 2: எப்போது, எந்த நாட்டுக்கு

மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு போவது நல்லது. எலும்பு மூட்டு, நரம்பியல், இதயம் நுரையீரல் பாடங்களைக் கொஞ்சமாவது தொட்ட பிறகு போனால்தான் பார்ப்பது புரியும். இரண்டாம் ஆண்டிலேயே போனால் அது ஊர் சுற்றிப் பார்த்த கணக்காகிவிடும். அங்கே இருக்கும் நாட்கள் உங்கள் இன்டர்ன்ஷிப்பில் சேருமா என்று கல்லூரியில் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பிசியோதெரபி என்பது டிபிடி என்ற முனைவர் நிலைப் படிப்பு. அதில் சேர விண்ணப்பிப்பவர்களிடம் பல கல்லூரிகள் பார்வையாளராக இருந்த மணிநேரக் கணக்கைக் கேட்கும். அதனால் பார்வையாளர்களை ஏற்றுப் பழகிய துறைகள் அங்கே நிறைய. பிரிட்டனில் என்.ஹெச்.எஸ். என்ற அரசு சுகாதார சேவையின் மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடைமுறை. ஒன்றைக் கவனியுங்கள்: பார்வையாளர், எலெக்டிவ் (மாணவர் தானே தேர்ந்தெடுக்கும் குறுகிய காலப் பயிற்சி) பற்றிய விசா விதிகளை எழுதும்போது மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் படிப்பவர்களையே பெரும்பாலும் மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். பிசியோதெரபி அதில் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்டு உறுதி செய்யுங்கள்.

நம் மாணவர்களுக்கு என் சிபாரிசு சிங்கப்பூர்தான். விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று, வார்டில் தமிழ் பேசும் நோயாளிகளையும் பார்க்கலாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் வரும் இடத்தில் ஒரே சிகிச்சையை வீட்டுக்கு வீடு எப்படி மாற்றிச் சொல்லித் தருகிறார்கள் என்று பார்ப்பது பெரிய பாடம். தங்கும் செலவு மட்டும் அதிகம், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

படி 3: தடுப்பூசியை முதலில் பிடியுங்கள்

பாஸ்போர்ட்டுக்கு முன்பே கவனிக்க வேண்டியது இது. கடைசி நேரத்தில் பயணம் தள்ளிப்போவது பெரும்பாலும் இங்கேதான். குறைந்தது எட்டு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள், காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதன் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று காட்டும் ஆன்டி-ஹெச்பிஎஸ் ரத்தப் பரிசோதனை செய்து, ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "ஊசி போட்டேன்" என்ற சொல்லை மருத்துவமனை ஏற்காது, அந்த எண்ணைத்தான் கேட்கும்.

அடுத்தது சிக்கன்பாக்ஸ். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது கிடையாது, ஆகவே நம்மில் பலர் போட்டிருக்க மாட்டோம். சின்ன வயதில் அம்மை போட்டிருந்தால் வீட்டில் வேப்பிலை கட்டிய நினைவு இருக்கும், ஆனால் காகிதம் எதுவும் இருக்காது. எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். இல்லையென்றால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். ஊசியும் இரண்டு தவணைதான். பரணில் இருக்கும் பழைய தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் கேட்டு எடுத்து வையுங்கள்.

பிறகு காசநோய்ப் பரிசோதனை. மாண்டூ என்பது தோலில் போடும் சோதனை ஊசி; போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. நாம் எல்லாருமே பிறந்தவுடன் பிசிஜி போட்டவர்கள், அதனால் மாண்டூ கொஞ்சம் வீங்குவது சகஜம். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்பார்கள். இன்னொன்று: எம்.எம்.ஆர். உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி, மாண்டூ முடிவை அது மறைத்துவிடலாம். இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது எம்.எம்.ஆருக்குப் பின் நான்கு வாரம் விட்டு மாண்டூ போடுங்கள்.

படி 4: விண்ணப்பம்

மருத்துவமனையின் பயிற்சி அல்லது கல்விப் பிரிவுக்கு எழுத வேண்டும். பிசியோதெரபி துறைத் தலைவருக்கு ஒரு நகல் போகட்டும். கல்லூரியின் போனஃபைடு சான்று, துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், சுயவிவரம், பாஸ்போர்ட் நகல், தடுப்பூசி விவரம் ஆகியவற்றை ஒரே பிடிஎஃப்பில் சேர்த்து அனுப்புங்கள். காப்பீடு வேண்டுமா, பார்வையாளர் கட்டணம் உண்டா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் அவர்கள் உன்னிப்பாகப் படிப்பது நோக்கம் என்ற பத்தியைத்தான். "நவீனத் தொழில்நுட்பங்களைக் கற்க ஆர்வமாக உள்ளேன்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள், படிப்பவருக்கு அதில் எதுவும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் ஊரில் பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் வார்டில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற முடிவை எந்த அளவீட்டை வைத்து எடுக்கிறீர்கள், குடும்பத்துக்கு என்ன பயிற்சி தருகிறீர்கள் என்பதைப் பார்க்க விரும்புகிறேன்." இதைப் படித்ததுமே உங்களை எந்த வார்டில் யாருடன் விடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம், தினமும் மெயில் போடக் கூடாது.

படி 5: பாஸ்போர்ட், விசா, பயணம்

பாஸ்போர்ட்டுக்குச் சேலத்திலேயே அஞ்சலக சேவை மையம் இருக்கிறது. போலீஸ் சரிபார்ப்புக்கு நாள் ஒதுக்கி வையுங்கள். சிங்கப்பூர் போக இந்தியருக்கு விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக எடுக்கலாம். எந்த வகை அனுமதியில் வர வேண்டும் என்பதை மட்டும் மருத்துவமனையே எழுத்தில் சொல்ல வேண்டும். "டூரிஸ்ட்ல போயிடலாம், யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் இறங்கும் முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சி போய் விமானம் ஏறுவது எளிது. பெங்களூர், சென்னை, கோவையும் வசதிதான். சிங்கப்பூரில் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். வேலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தால் உடம்பு பழகிவிடும்.

படி 6: போகும் முன் சேலத்தைப் பாருங்கள்

மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்காமல் போனால், அங்கே பார்ப்பதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

அனுமதி வாங்கி, நம் ஜி.ஹெச். பிசியோதெரபி ஓ.பி.யிலோ கல்லூரி மருத்துவமனையிலோ ஒரு ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களை அவர்கள் செய்யும் தொழிலோடு சேர்த்துக் கவனியுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, நாள் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்களைப் பற்றவைக்கிறவர். கழுத்து வலியும் பெருவிரல் அடி வலியுமாக வருவார். அம்மாப்பேட்டைத் தறிக்காரருக்கு இடுப்பும் மிதிக்கிற காலும். ஜவ்வரிசி ஆலைக் களத்தில் குனிந்தே வேலை செய்யும் அக்காவுக்கு முதுகு. இவர்கள் மூன்று பேருக்கும் "முன்னால் குனியாதீங்க" என்று சொல்லி அனுப்பினால், அது மறுநாளே உதறப்படும் அறிவுரை. குனிந்தால்தான் அவர்களுக்குக் கூலி.

அப்புறம் ஏற்காட்டைப் பாருங்கள். மலையில் காபித் தோட்டத்து வேலை முழுக்கச் சரிவில்தான், இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் சமதரையில் நடப்பவருக்குத் தெரியாது. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணியில் ஏறி, விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு. அப்படி ஒருவரை "வாரம் மூன்று நாள் தெரபிக்கு வாங்க" என்றால், ஒவ்வொரு தடவையும் அவர் இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கி வந்து திரும்ப ஏற வேண்டும். ஒரு நாள் கூலியும் போகும். அதனால் இவருக்கு வேண்டியது, வீட்டிலேயே செய்யும்படி அமைத்துக் கொடுத்த பயிற்சி. மாதம் ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்ற அளவுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும்.

இப்படிப் பத்துப் பதினைந்து பேரைப் பற்றி, பெயர் இல்லாமல், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு சிகிச்சையைப் பார்க்கும்போதும் "இது கொலுசுப் பட்டறைக்காரருக்கு எப்படி?" என்று கேட்டுக்கொள்ள இதுதான் உதவும்.

படி 7: முதல் சில நாட்கள்

முதல் நாள் பெரும்பாலும் காகித வேலையும் தொற்றுத் தடுப்பு வகுப்பும்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கை கழுவும் ஐந்து தருணங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும்: நோயாளியைத் தொடும் முன், சுத்தம் பேண வேண்டிய செயலுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடும் என்ற நிலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். ஐந்தாவதைத்தான் பார்வையாளர்கள் மறப்பார்கள். கட்டில் கம்பியில் கை வைத்தாலே அது பொருந்தும். மோதிரம், கயிறு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கே நிற்பது என்பதும் ஒரு திறமைதான். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம், கொஞ்சம் தள்ளி, நோயாளியின் முகமும் தெரபிஸ்டின் கையும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். சிறுநீர்க் குழாய், டிரெயின் (காயத்து நீரை வெளியேற்றும் குழாய்), ஆக்சிஜன் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப் பக்கம். நோயாளி நடக்கப் போகும் வழியில் நிற்காதீர்கள். அவர் தடுமாறினால் பாய்ந்து பிடிக்கவும் கூடாது. தெரபிஸ்ட் "நாற்காலி" என்றால் நாற்காலியைத் தள்ளிக் கொடுங்கள், அழைப்பு மணியை அழுத்தச் சொன்னால் அழுத்துங்கள். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

ஐ.சி.யூ.வுக்குப் போகும் நாளில் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். வெறும் வயிற்றில், முட்டியை விறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றால் நல்ல திடகாத்திரமானவருக்கும் மயக்கம் வரும். தலை கிறுகிறுத்தால் சொல்லிவிட்டு வெளியே போய் உட்காருங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 8: எதைப் பார்ப்பது

கட்டிலருகே போகும் முன்பே வேலை தொடங்கிவிடும். தெரபிஸ்ட் கணினியில் படிப்பதைக் கூட நின்று பாருங்கள். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், நேற்று இரவு காய்ச்சலா, அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அந்தக் காலில் எவ்வளவு எடை தாங்க அனுமதித்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பிறகு கட்டிலில் பெயரையும் அடையாள எண்ணையும் நோயாளியின் வாயாலேயே சொல்லச் சொல்லி, கையிலுள்ள பட்டையோடு ஒப்பிடுவார்கள். நமக்கு இது சடங்கு மாதிரித் தெரியும். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே வார்டில் இருக்கும் நாளில் அதன் மதிப்பு புரியும்.

அடுத்து கேள்விகள், இதுதான் இந்தப் பயணத்தின் சாரம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆன ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். "ஆன்ட்டி" என்றோ "அங்கிள்" என்றோ கூப்பிட்டுத்தான் அங்கே பேச்சையே தொடங்குவார்கள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்ட கையோடு, வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். எத்தனையாவது மாடி? லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்குமா? அங்கே பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முன்பு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 2001-லிருந்து அரசு அதை மாற்றிக்கொண்டே வந்தது. கழிவறை வாசலில் படி இருக்கிறதா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? விழுவதற்கு முன் தனியாகச் சந்தைக்குப் போய்வந்தீர்களா? இந்தப் பதில்களை வைத்துத்தான் வாக்கரா, கைத்தடியா, எத்தனை படி ஏறிக் காட்ட வேண்டும், வீட்டுக்கா அல்லது சமூக மருத்துவமனைக்கா (பெரிய மருத்துவமனைக்குப் பின் கொஞ்ச நாள் தங்கித் தேறும் இடம்) என்று முடிவாகும். முதியோர் வீட்டில் கைப்பிடி பொருத்த, வழுக்காத தரை போட 2012-லிருந்து ஈஸ் என்ற அரசுத் திட்டமே இருக்கிறது. வீட்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்ததும் அடுத்து செய்ய ஒரு வழியும் அவர்களிடம் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக அளவீடு. "நேற்றைவிடப் பரவாயில்லை" என்று யாரும் எழுத மாட்டார்கள். டைம்டு அப் அண்ட் கோ (நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை) எத்தனை விநாடி, ஆறு நிமிட நடையில் எத்தனை மீட்டர், பெர்க் சமநிலை அளவையில் 56-க்கு எவ்வளவு என்று எண்ணாகவே எழுதுவார்கள். டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் எல்லாரும் கூடும் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் பேசும்போது சபை அமைதியாகக் கேட்பதற்கு இந்த எண்கள்தான் காரணம். அனுமதி கிடைத்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு நாளாவது பின் வரிசையில் உட்காருங்கள்.

நான்காவது, செய்யாமல் விடுவது. கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம் என்று நடக்க வைக்காமல் டாக்டரைக் கூப்பிடுவார்கள். பக்கவாதம் வந்த முதல் நாளிலேயே அதிக அளவில் எழுப்பி நடக்க வைக்க மாட்டார்கள். 2015-ல் வெளியான அவெர்ட் என்ற பெரிய ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பப்பட்டவர்கள் மூன்று மாதம் கழித்துக் குறைவாகவே தேறியிருந்தார்கள். சிகிச்சை செய்யாமல் திரும்பி வந்த ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கேட்டு எழுதுங்கள்.

ஐந்தாவது, கவனித்துக்கொள்பவருக்கான பயிற்சி. சிங்கப்பூரில் பல வீடுகளில் முதியவரைப் பார்த்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுப் பணிப்பெண். டிஸ்சார்ஜுக்கு முன் அவரை வார்டுக்கு வரவழைத்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, கழிவறையில் உட்கார வைப்பது, நடக்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார்கள். சொல்லி முடித்ததும் "இப்போது நீங்கள் செய்து காட்டுங்கள்" என்பார்கள். அவர் தனியாகச் சரியாகச் செய்த பிறகுதான் படிவத்தில் அந்த வரிக்கு டிக் விழும்.

இதைப் பார்த்தபோதுதான் நம் ஊரின் பலம் எனக்குத் தெரிந்தது. அங்கே பயிற்சிக்கென்று ஒருவரை வரச்சொல்லி நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது. நம் ஜி.ஹெச்.சில் மனைவியோ மகளோ மருமகளோ முதல் நாளிலிருந்தே கட்டிலருகில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை "கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்று அனுப்பிவிட்டு நாம் சிகிச்சை செய்கிறோம். பக்கத்தில் நிறுத்தி, செய்து காட்டச் சொன்னால் டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்குள் அவர்களே தேர்ந்துவிடுவார்கள்.

சரி, கருவிகள்? ரோபோ நடைப் பயிற்சி, உடல் எடையைத் தாங்கும் டிரெட்மில் எல்லாம் பெரிய மருத்துவமனைகளில் இருக்கும். ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு வார்டுக்குத் திரும்பிவிடுங்கள். மானியம் பெறும் நோயாளிகள் இருக்கும் சி வகுப்பு வார்டில் நாற்காலி, வாக்கர், இடுப்பில் கட்டும் பெல்ட் ஆகியவற்றை வைத்தே ஒருவரை நடக்க வைப்பதைப் பார்ப்பதுதான் நமக்கு அதிகம் கைகொடுக்கும். முடிந்தால் சமூக மருத்துவமனையில் ஒரு நாள் கேளுங்கள்.

படி 9: குறிப்பேடு, கேள்வி, மொழி

குறிப்பேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு வரி போதும். என்ன கேட்டார்கள், என்ன அளந்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், இதே ஆள் சேலத்தில் என்றால் என்ன மாறும். நாலாவது வரியை அன்று இரவே எழுதிவிடுங்கள். பெயர், கட்டில் எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். போட்டோ எடுக்கவே கூடாது, நோயாளி தெரியாத போட்டோவானாலும் சரி. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், படுத்திருப்பவர் நம் வீட்டுப் பெரியவர் என்றால் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான்.

கேள்வியை நோயாளியின் முன்னால் கேட்காதீர்கள். "இவர் இனி நடப்பாரா?" என்று நீங்கள் ஆங்கிலத்தில் கேட்பது அவருக்குப் புரிந்துவிடும். நடைபாதையில், கை கழுவும் இடத்தில், மதிய உணவு நேரத்தில் கேளுங்கள். "நீங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை?" என்றால் குறை சொல்வது போலிருக்கும். "எதைப் பார்த்து வாக்கரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்றால் அவர்களே விரிவாகச் சொல்வார்கள்.

தமிழ் பேசும் நோயாளி வரும்போது ஒரு சோதனை காத்திருக்கும். அந்த அம்மா உங்கள் முகத்தைப் பார்த்ததும் "தம்பி, எந்த ஊருப்பா?" என்று ஆரம்பித்துவிடுவார். பேசுங்கள், ஆனால் தெரபிஸ்டிடம் அவர் என்ன கேட்டார் என்று உடனே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்கச் சொன்னால் மட்டும் மொழிபெயருங்கள். அப்போதும் அவர் சொன்னது எதுவோ அது மட்டும், கூட்டாமல் குறைக்காமல். அவர் "காலு கடுக்குது" என்றதை நீங்கள் "வலி" என்று சுருக்கிவிட்டால், சோர்வா, மரத்துப்போனதா, வலியா என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பை தெரபிஸ்ட் இழந்துவிடுவார்.

படி 10: திரும்பி வந்த பிறகு

கிளம்பும் முன் தேதிகளும் மொத்த மணிநேரமும் போட்ட சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சுயவிவரத்தில் அதைப் பார்வையாளர் என்றே எழுதுங்கள், "பணியாற்றினேன்" என்று எழுதாதீர்கள். உங்களைக் கூட வைத்துக்கொண்ட தெரபிஸ்ட் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு நன்றிக் கடிதம், அவரிடம் கற்ற ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வந்ததும் எல்லாவற்றையும் மாற்றக் கிளம்ப வேண்டாம். துறைத் தலைவரிடம் இரண்டே இரண்டுக்கு அனுமதி கேளுங்கள். ஒன்று டைம்டு அப் அண்ட் கோ. கைப்பிடி உள்ள ஒரு நாற்காலி, தரையில் 3 மீட்டருக்கு ஒரு கோடு, போனில் ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று எழுதுங்கள். முதியவருக்கு 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியின் வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. சோதனை நடக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டைப் பற்றிய கேள்வித்தாள். அங்கே லிஃப்ட் என்று கேட்ட இடத்தில் நாம் கேட்க வேண்டியவை வேறு. நான் ஓ.பி.யில் வைத்திருக்கும் தாளில் இருப்பவை இவை:

வீட்டு வாசலில் எத்தனை படி, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?
கழிவறை வீட்டுக்குள்ளா, வெளியிலா? இந்தியன் டாய்லெட்டா, வெஸ்டர்னா?
ராத்திரி அங்கே போகும் வழியில் லைட் உண்டா?
படுப்பது கட்டிலிலா, பாயிலா? சாப்பிடுவது தரையில் உட்கார்ந்தா?
தண்ணீர் எங்கிருந்து யார் எடுத்து வருகிறார்கள்?
பகலில் கூட யார் இருப்பார்கள், அவரை அடுத்த தடவை அழைத்து வர முடியுமா?
பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்? மலை மேலிருந்து வருகிறவர் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?
என்ன வேலை, அதை எந்த நிலையில் உட்கார்ந்து அல்லது நின்று செய்கிறீர்கள்? செய்து காட்டுங்கள்.
எப்போது திரும்ப வேலைக்குப் போயாக வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள். முட்டி எவ்வளவு மடங்க வேண்டும், எந்தப் பயிற்சி முதலில் என்று திட்டம் போடும்போது அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். "செய்து காட்டுங்கள்" என்ற வரிக்கு மட்டும் தரையில் ஒரு பாய் தேவைப்படும், அதை ஓ.பி. அறையிலேயே சுருட்டி வைத்திருங்கள்.